ஹெட்போனில் கேட்கும் குரல் போனில் காணாமல் போவது ஏன்? - மோனோ, ஸ்டீரியோ குழப்பம்: ஒரு விளக்கம்

பேட்டி எடுத்தாகிவிட்டது. கேமராவில் மைக்கைச் செருகி ஒன்றரை மணி நேரம் பேசி, இரவெல்லாம் உட்கார்ந்து எடிட் பண்ணி, ஹெட்போனில் இரண்டு முறை முழுசாகக் கேட்டுப் பார்த்து அப்லோடும் செய்தாயிற்று. பத்து நிமிடத்தில் முதல் கமென்ட் வருகிறது: 'ப்ரோ, ஆடியோ வரல'. அடுத்தவர், 'எனக்கு நல்லா கேக்குதே' என்கிறார். மூன்றாவது ஆள், 'பின்னாடி மியூசிக் மட்டும் கேக்குது, பேசுறது கேக்கல' என்கிறார்.

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். 'நல்லா கேக்குதே' என்றவர் ஹெட்போனில் கேட்கிறார். மற்ற இருவரும் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனில் கேட்கிறார்கள். வீடியோவில் உள்ள குரல் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால், அந்த ஒற்றை ஸ்பீக்கரை அடையும் முன்பே தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

யூடியூப் சேனல், பாட்காஸ்ட், கவர் சாங், ஆன்லைன் வகுப்பு என வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். இன்னொரு கோஷ்டியும் உண்டு. அவர்களுக்குக் குரல் இடது காதில் மட்டும் கேட்கும், வலது காது மயான அமைதியாக இருக்கும். மைக் கோளாறு, கேபிள் கோளாறு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலரும் புது மைக் வரை போய்விடுவார்கள். பெரும்பாலும் கோளாறு மைக்கில் இல்லை, ட்ராக்கில் இருக்கிறது.

மோனோ என்றால் ஒரு ஸ்பீக்கரா?

இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. மோனோ, ஸ்டீரியோ என்பது ஸ்பீக்கரின் எண்ணிக்கை அல்ல, சேனலின் எண்ணிக்கை. மோனோ ட்ராக்கில் ஒரே ஒரு சேனல். அதை இரண்டு ஸ்பீக்கரில் போட்டாலும், இருபது ஸ்பீக்கரில் போட்டாலும் எல்லாவற்றிலும் ஒரே ஒலிதான் வரும். கோயில் திருவிழாவில் தெரு முழுக்கக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் அப்படித்தான். ஸ்பீக்கர் ஐம்பது, சேனல் ஒன்று.

ஸ்டீரியோ ட்ராக் என்பது இடது, வலது என இரண்டு சேனல்களை ஒன்றாகக் கட்டி வைத்த மூட்டை. அந்த இரண்டிலும் வேறு வேறு ஒலி இருந்தால்தான் நம் காதுக்கு 'இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்' என்ற விரிவு கிடைக்கும். இரண்டிலும் அச்சு அசலாக ஒரே ஒலி இருந்தால், கோப்பின் பெயரில் ஸ்டீரியோ என்று இருந்தாலும் கேட்பது மோனோதான். இடம் மட்டும் இரண்டு மடங்கு அடைக்கும்.

எவ்வளவு அடைக்கும்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிவு செய்தால் ஒரு நிமிட மோனோ ட்ராக் ஏறக்குறைய 8.6 எம்பி. அதுவே ஸ்டீரியோ என்றால் 17.3 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்குக் குரலையும் ஹார்மனியையும் சேர்த்து 10 ட்ராக் போட்டால் மோனோவில் சுமார் 346 எம்பி, ஸ்டீரியோவில் 691 எம்பி. கேட்பதில் துளி வித்தியாசமும் இருக்காது. லேப்டாப் மட்டும் மூச்சு வாங்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்பது ஏன்?

வீட்டு ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் இருக்கும். ஒன்றில் மைக், இன்னொன்று காலி. ரெக்கார்டிங் மென்பொருளில் புது ட்ராக் சேர்க்கும்போது ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? மென்பொருள் சொன்னதைச் செய்யும். முதல் இன்புட்டை இடது சேனலுக்கும், இரண்டாவது இன்புட்டை வலது சேனலுக்கும் அனுப்பும். இரண்டாவதில் எதுவும் இல்லை. ஆகவே வலது காதில் மௌனம்.

தீர்வு எளிது. ஒரு மைக்குக்கு ஒரு மோனோ ட்ராக். மனிதனுக்கு வாய் ஒன்று, சாதாரண மைக்குக்குக் காதும் ஒன்று. அதில் பதிவாவது ஒரு சேனல்தான். 'மோனோன்னா தரம் கம்மி இல்லையா?' என்று சிலர் தயங்குவார்கள். திரைப்பாடல்களில் நீங்கள் கேட்கும் முன்னணிக் குரலும் பொதுவாக ஒற்றை மைக்கில், மோனோ ட்ராக்கில் பதிவானதுதான். அதைச் சுற்றிக் கேட்கும் விரிவு, பிறகு சேர்க்கப்படும் ரிவெர்ப், டிலே, கோரஸ், வாத்தியங்களால் வருவது.

இந்தத் தேர்வை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. புரோ டூல்ஸும் கியூபேஸும் ட்ராக்கை உருவாக்கும்போதே 'மோனோவா, ஸ்டீரியோவா?' என்று கேட்டுவிடும். லாஜிக்கில் சேனல் ஸ்ட்ரிப்பில் ஒரு சின்ன பட்டன் உண்டு: ஒற்றை வட்டம் என்றால் மோனோ, பின்னிக்கொண்ட இரண்டு வட்டம் என்றால் ஸ்டீரியோ. ரீப்பரில் மோனோ ட்ராக், ஸ்டீரியோ ட்ராக் என்ற பிரிவினையே கிடையாது. ரெக்கார்ட் இன்புட் பட்டியலில் மோனோ இன்புட் 1 என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஏபிள்டன் லைவிலும் இதே கதைதான். இன்புட்டில் '1/2' என்று இருப்பதை '1' என்று மாற்ற வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவின் மிக்ஸரில் எல்லாமே ஸ்டீரியோ. இன்புட் பட்டியலில் மட்டும் மோனோவைத் தேர்ந்தெடுக்கலாம். அடாசிட்டியில் ரெக்கார்டிங் சேனல் எண்ணிக்கையை 1 என்று வைத்தால் முடிந்தது.

'அதெல்லாம் சரி, ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணிட்டேனே, இப்ப என்ன செய்றது?' மறுபடி பாட வேண்டாம். ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரித்து, மௌனமான பாதியை நீக்கிவிடலாம். அடாசிட்டியில் ட்ராக் மெனுவிலேயே 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' இருக்கிறது. புரோ டூல்ஸில் 'ஸ்ப்ளிட் இன்டு மோனோ'. ரீப்பரில் அந்த ஆடியோ துண்டின் சேனல் மோடை 'மோனோ லெஃப்ட்' என்று மாற்றினால் போதும், எதையும் வெட்டக்கூட வேண்டாம். ஏபிள்டனில் யூட்டிலிட்டி என்ற கருவியைப் போட்டு சேனல் மோடை 'லெஃப்ட்' ஆக்கலாம். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு பிரீமியரில் 'ஃபில் ரைட் வித் லெஃப்ட்' எஃபெக்ட், டாவின்சி ரிசால்வில் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்'. லைவ் போகிறவர்கள் ஓபிஎஸ்ஸில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸுக்குள் இருக்கும் 'மோனோ' கட்டத்தை டிக் செய்துவிட்டு உட்காரலாம்.

இதில் ஒரு குறுக்கு வழியும் உண்டு, பலரும் அதில்தான் போய் விழுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதே என்று ட்ராக்கின் பேன் குமிழை வலது பக்கமாகத் திருப்பிப் பார்ப்பது. திருப்பினால் குரல் நடுவுக்கு வருவதற்குப் பதிலாக மொத்தமாக மறைந்துவிடும்! காரணம், மோனோ ட்ராக்கில் அந்தக் குமிழ் ஒலியை இடமும் வலமுமாக நகர்த்துகிறது. ஸ்டீரியோ ட்ராக்கில் பல மென்பொருள்களில் அதே குமிழ் வெறும் 'பேலன்ஸ்' வேலைதான் பார்க்கும். வலது பக்கம் திருப்பினால் இடது சேனலைக் குறைக்கும், அவ்வளவே. இடது சேனலில் மட்டும் குரல் இருந்தால் அதுவும் போச்சு. லாஜிக்கில் 'ஸ்டீரியோ பேன்' என்று மாற்றினாலோ, ஏபிள்டனில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ பேன்' போட்டாலோ இரண்டு சேனல்களையும் தனித்தனியாக நகர்த்த முடியும்.

காப்பி பேஸ்ட் செய்தால் ஸ்டீரியோ ஆகிவிடுமா?

கிதார் ட்ராக் ஒல்லியாகக் கேட்கிறது என்று அதையே காப்பி எடுத்து, ஒன்றை இடது கோடியிலும் இன்னொன்றை வலது கோடியிலும் வைப்பார்கள். கேட்டால் சத்தம் கூடியிருக்கும். சந்தோஷமாக இருக்கும். ஆனால், ஒலி நடுவிலேயேதான் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்றால் மூளை அதை நடுவில்தான் வைத்துக் கேட்கும். சத்தம் கூடியதைத்தான் விரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

நிஜமான விரிவு வேண்டும் என்றால் அதே பகுதியை மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டும். எத்தனை கச்சிதமாக வாசித்தாலும் இரண்டாவது முறை விரல் ஒரு நூலிழை முன்னே பின்னே படும். அந்த மிகச் சின்ன வித்தியாசம்தான் இரண்டு பக்கமாகப் பிரிந்து விரிவாகக் கேட்கிறது. இதைத்தான் டபுள் ட்ராக்கிங் என்கிறார்கள். சோம்பேறிகளுக்கு இதில் சலுகை இல்லை.

சலுகை இருப்பதுபோல ஒன்று இருக்கிறது: காப்பி எடுத்த ட்ராக்கை சில மில்லி விநாடிகள் தள்ளி வைப்பது. 1949-ல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஆய்வாளர் தன் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த விளைவு இது. அவர் பெயரிலேயே ஹாஸ் எஃபெக்ட் என்று அழைக்கப்படுகிறது. முதலில் வரும் ஒலியின் திசையைக் காது பிடித்துக்கொள்ளும், சற்றுப் பின்னால் வருவதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காமல் அதோடு சேர்த்துக்கொள்ளும். ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும். ஆனால், ஒற்றை ஸ்பீக்கரில் அந்த இரண்டும் ஒன்றாகக் கலக்கும்போது பல் தேய்க்காத குரல் மாதிரி ஆகிவிடும். 10 மில்லி விநாடி தள்ளி வைத்தால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு இடத்தில் ஒலி அறுபட்டுக்கொண்டே போகும். அந்த வரைபடத்தைப் பார்த்தால் சீப்பின் பற்கள் போலவே இருக்கும். அதனால் அதற்குப் பெயரும் கோம்ப் ஃபில்டர்தான்.

சரி, அந்தப் பேட்டியில் குரல் எங்கே போனது?

ஒலி என்பது காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவது. மென்பொருளில் நீங்கள் பார்க்கும் அலைவடிவமும் நடுக்கோட்டுக்கு மேலே, கீழே என்று போய் வருவதுதான். ஒரு அலை மேலே 5 போகும் அதே நொடியில் இன்னொரு அலை கீழே 5 போனால், இரண்டையும் கூட்டினால் வருவது பூஜ்யம். இதுதான் எதிர் போலாரிட்டி. பேச்சு வழக்கில் 'அவுட் ஆஃப் ஃபேஸ்' என்பார்கள்.

இடது சேனலில் குரல், வலது சேனலில் அதே குரல் தலைகீழாக. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் இரண்டிலும் குரல் கேட்கும். கூர்ந்து கவனித்தால் ஏதோ மண்டைக்குள் ஓட்டை விழுந்த மாதிரி, குரல் நடுவில் நிற்காமல் காதைச் சுற்றி மிதக்கும். பழகாதவர்கள் 'நல்லா வைடா இருக்கே' என்றுகூட நினைத்துவிடுவார்கள். ஒற்றை ஸ்பீக்கர் போன் இரண்டு சேனல்களையும் கூட்டி ஒன்றாக்கித்தான் ஒலிக்கும். கூட்டினால் பூஜ்யம். பின்னணி இசை மட்டும் தப்பிக்கிறது, அது முறையான ஸ்டீரியோ என்பதால்.

யார் அதைத் தலைகீழாக்கியது? பெரும்பாலும் ஒரு கேபிள். மேடை மைக்கில் மூன்று கம்பி இருக்கும். ஒன்று எர்த். மற்ற இரண்டிலும் ஒரே சிக்னல்தான், ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. மிக்ஸர் இந்த இரண்டின் வித்தியாசத்தை எடுக்கும்போது, வழியில் கேபிள் பிடித்த இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துவிடும், குரல் நிற்கும். பேலன்ஸ்டு என்று சொல்லப்படும் இந்த ஏற்பாடு உண்மையில் அழகானது. ஆனால், அதே மைக்கைத் தவறான ஒரு கன்வெர்ட்டர் கேபிள் வழியாகக் கேமராவின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகினால், கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது. இரண்டு கம்பியைப் பார்த்ததும் 'ஓகே, இது இடது, இது வலது' என்று பதிவு செய்துகொள்ளும்.

இங்கே முக்கியமான விஷயம்: இந்தக் கோப்பைச் சரிசெய்ய 'மிக்ஸ் டவுன் டு மோனோ' பட்டனை அழுத்தினால், மென்பொருளே அந்தக் கூட்டலைச் செய்து குரலை நிரந்தரமாகப் பூஜ்யமாக்கிவிடும். ஒரு காதில் மட்டும் கேட்கும் பிரச்சினைக்கு அந்தப் பட்டன் வேலை செய்யும், இதற்குச் செய்யாது. இங்கே செய்ய வேண்டியது பிரித்தல்தான். இரண்டு மோனோ ட்ராக்காகப் பிரித்து ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். அல்லது ஒன்றை மட்டும் 'இன்வர்ட்' செய்து நேராக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அப்லோடு செய்வதற்கு முன்பு தெரிந்திருந்தால் கமென்ட் பகுதியில் மானம் போயிருக்காது.

இதே கதை கல்யாண மண்டபத்திலும் நடக்கும், தலைகீழாக. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிள் ஒன்றை எடுத்து, மிக்ஸரின் பேலன்ஸ்டு மோனோ இன்புட்டில் செருகுகிறார்கள். மிக்ஸர் தன் வழக்கப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும். பாட்டில் இரண்டு சேனலிலும் சமமாக இருப்பது எது? நடுவில் நிற்கும் குரல். அது போய்விடும். மாப்பிள்ளை, பெண் என்ட்ரிக்குத் தேர்வு செய்து வைத்த பாட்டில், பாடகர் மட்டும் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல ஒரு எதிரொலியாகக் கேட்பார். 'என்னண்ணே, கரோக்கி போட்டுட்டீங்க?' என்று யாராவது கேட்டால், அவர் தெரியாமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். ஏஐ கருவிகள் வருவதற்கு முன்பு 'வோக்கல் ரிமூவர்' என்ற பெயரில் வந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை செய்தது இதே கழித்தலைத்தான். அதனால்தான் அவற்றில் குரலோடு சேர்ந்து நடுவில் இருந்த பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் காணாமல் போயின. இரண்டு பக்கமும் வேறுவேறாக விரிந்திருந்த ரிவெர்ப் மட்டும் பேய் மாதிரி மிச்சம் நின்றது.

இதெல்லாம் யார் ஆரம்பித்தது?

லண்டனில் ஆலன் ப்ளம்லைன் என்ற இஎம்ஐ பொறியாளர். சினிமா பார்க்கப் போன இடத்தில், திரையில் நடிகர் ஒரு ஓரம் நிற்க, குரல் வேறு எங்கிருந்தோ வருவது அவரை உறுத்தியது என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 'பைனாரல் சவுண்ட்' என்பது அவர் வைத்த பெயர். இரண்டு மைக், இரண்டு சேனல், ஒரே ரெக்கார்டு பள்ளத்தில் இரண்டையும் செதுக்கும் முறை என்று இன்று நாம் ஸ்டீரியோ என்று சொல்லும் பெரும்பகுதி அதில் இருந்தது. 1934-ல் அபே ரோடு ஸ்டூடியோவில் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவும் செய்து பார்த்தார்கள். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில்தான். அதைப் பார்க்க ப்ளம்லைன் இல்லை. 1942-ல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விமானத்தில் ரேடார் சோதனை நடந்தபோது ஏற்பட்ட விபத்தில் 38 வயதில் இறந்துபோனார்.

ஸ்டீரியோ வந்த பிறகும் மோனோ பல ஆண்டுகள் ராஜாவாக இருந்தது. ஏனென்றால் மக்கள் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் பிளேயரும் ரேடியோவும். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ மிக்ஸுக்குத்தான் 1967-ல் குழுவினர் பார்த்துப் பார்த்து நேரம் செலவிட்டார்கள். ஸ்டீரியோ மிக்ஸை ஸ்டூடியோ ஆட்கள் பிறகு முடித்தார்கள். அவர்களின் ஆரம்பகால ஸ்டீரியோ பதிவுகளை ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில் குரல், இன்னொரு காதில் வாத்தியம் என்று பிரிந்து நிற்கும். இரண்டு ட்ராக் டேப்பில் பதிவு செய்தது மோனோவில் அளவு பார்த்துக் கலக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். 2009-ல் அவர்களின் மோனோ பதிவுகள் தனிப் பெட்டியாகவே வெளிவந்தன.

'பெட் சவுண்ட்ஸ்' (1966) ஆல்பத்தை பீச் பாய்ஸின் பிரையன் வில்சன் மோனோவில்தான் முடித்தார். அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. அதற்கு முழுமையான ஸ்டீரியோ மிக்ஸ் வர 1990-கள் ஆகிவிட்டது. பாப் இசையின் உச்சங்களில் ஒன்றாகப் பலரும் கொண்டாடும் ஆல்பம் அது, ஒரே சேனலில்.

நம்மூரில் 1978-ல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை என்பது இளையராஜா ரசிகர்களுக்கு மனப்பாடம். அதைக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ செட் உள்ள வீட்டைத் தேடிப்போன தலைமுறை ஒன்று உண்டு.

எஃப்எம் ரேடியோ இந்தப் பிரச்சினையைக் கையாண்ட விதம் புத்திசாலித்தனமானது. 1961-ல் அமெரிக்கா ஏற்றுக்கொண்ட முறைப்படி, நிலையம் இடது, வலது என்று தனித்தனியாக அனுப்பாது. இரண்டின் கூட்டலை முதன்மைச் சிக்னலாகவும், இரண்டின் கழித்தலைத் தனியாக இன்னொரு அடுக்கிலும் அனுப்பும். பழைய மோனோ ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ ரேடியோ இரண்டையும் வாங்கி, கணக்குப் போட்டு இடதையும் வலதையும் மீட்டெடுக்கும். காரில் போகும்போது சிக்னல் பலவீனமானால் பல ரேடியோக்கள் தானாகவே மோனோவுக்கு இறங்குவதும் இதனால்தான். ஆக, மோனோவில் உங்கள் பாட்டு உயிரோடு இருக்குமா என்பது ரேடியோ ஸ்டேஷனுக்கு அனுப்புகிறவர்களுக்கு அன்றிலிருந்தே தலைவலி.

இப்போதும் யார் மோனோவில் கேட்கிறார்கள்?

நினைப்பதைவிட நிறைய பேர். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன், டீக்கடை ப்ளூடூத் ஸ்பீக்கர், சமையலறை ஸ்மார்ட் ஸ்பீக்கர், ஜவுளிக்கடையின் கூரை ஸ்பீக்கர்கள். பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்பட் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் நிலைமை இன்னும் மோசம். கூட்டலும் கிடையாது, ஒருவருக்கு இடது பாதி, மற்றவருக்கு வலது பாதி. ஹார்மனி ஒருத்தருக்கு, மெலடி ஒருத்தருக்கு.

இவர்களை எல்லாம்விட முக்கியமாக, ஒரு காது மட்டுமே கேட்கிறவர்கள். குரலை இடதிலும் பதிலை வலதிலும் வைத்து 'க்ரியேட்டிவாக' மிக்ஸ் செய்த ஒரு பாட்காஸ்ட், அவர்களுக்குப் பாதி உரையாடல்தான். ஐபோனில் அக்சஸிபிலிட்டி அமைப்புக்குள், ஆடியோ பகுதியில் 'மோனோ ஆடியோ' என்ற தேர்வு இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் அக்சஸிபிலிட்டிக்குள் அதே பெயரில் இருக்கிறது. அதை ஆன் செய்தால் இரண்டு சேனலும் கூடி ஒரே காதுக்குள் வந்துவிடும். வசதி சார்ந்த விஷயம் இல்லை இது, அவர்கள் பாட்டை முழுசாகக் கேட்பதற்கான ஒரே வழி. ஆனால், அந்த வழியில் வரும் ஒலியில் ஃபேஸ் கோளாறு இருந்தால், மேலே சொன்ன பேட்டிக் குரல் போல, அவர்களுக்கு அதுவும் அடைபட்டுவிடும்.

அதனால்தான் அனுபவமுள்ள மிக்ஸிங் பொறியாளர்கள் வேலைக்கு நடுநடுவே மோனோ பட்டனை அழுத்திக் கேட்பார்கள். மாஸ்டர் ட்ராக்கில் ஒரு மோனோ ஸ்விட்ச், பக்கத்தில் ஒரு கோரிலேஷன் மீட்டர் போதும். முள் +1 பக்கம் என்றால் இரண்டு சேனலும் ஒத்துப்போகின்றன. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் ரொம்ப விரிந்திருக்கிறது. தொடர்ந்து மைனஸ் பக்கமே நின்றால், ஏதோ ஒன்று ஒற்றை ஸ்பீக்கரில் காணாமல் போகப் போகிறது. மீட்டர் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது உங்கள் பழைய போன்.

மோனோவில் போட்டதும் பாட்டு கொஞ்சம் மாறித்தான் கேட்கும். பயப்பட வேண்டாம். இரண்டு சேனலிலும் சமமாக இருக்கும் குரல் கூட்டலில் அதிகம் வலுவாகும், பக்கங்களில் விரிந்திருக்கும் கிதாரும் பேடும் அந்த அளவுக்கு வலுவாகாது. அதனால் குரல் முன்னே வந்து நிற்கும், பக்கவாத்தியம் சற்றே பின்னே போகும். அது இயல்பு. ஒரு வாத்தியம் முழுசாக ஓடிப்போனால்தான் பிரச்சினை.

அப்போ எதைத்தான் ஸ்டீரியோவில் பதிவு செய்வது?

பாட்டு, பேச்சு, வயலின், புல்லாங்குழல், பிக்கப் மாட்டிய வீணை, பேஸ் கிதார் எல்லாம் மோனோ. இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

கீபோர்டில்தான் கவனம் வேண்டும். பின்பக்கம் இரண்டு அவுட்புட் இருக்கும், பலவற்றில் இடதின் மேல் 'எல்/மோனோ' என்று எழுதியிருக்கும். இரண்டு கேபிள் போட்டு ஸ்டீரியோ ட்ராக்கில் எடுப்பது நல்லது. ஒரே கேபிள்தான் இருக்கிறது என்றால் அந்த 'எல்/மோனோ' துளையில்தான் செருக வேண்டும், அப்போதுதான் கீபோர்டு இரண்டையும் கூட்டித் தரும். வலதில் மட்டும் செருகினால் பியானோவின் பாதிதான் கிடைக்கும்.

மிருதங்கம் இன்னும் சுவாரசியமானது. வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்று வைப்பார்கள். இதை ஒரு ஸ்டீரியோ ட்ராக்காகப் பதிவதைவிட இரண்டு மோனோ ட்ராக்காகப் பதிவதே புத்திசாலித்தனம். தொப்பியின் கும்கி மட்டும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றால் அதன் அளவை மட்டும் ஏற்றலாம், எவ்வளவு விரிய வேண்டும் என்பதைப் பிறகு பேன் குமிழில் முடிவு செய்யலாம். அந்த இரண்டு மைக்கும் ஒன்றையொன்று எதிரெதிராகப் பார்ப்பதால் அடித்தள ஒலி ஒன்றையொன்று தின்ன வாய்ப்பு உண்டு. ஒரு ட்ராக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டு, இரண்டையும் மோனோவில் கேட்க வேண்டும். எதில் மிருதங்கம் கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இதற்கு விதி கிடையாது, காதுதான்.

கச்சேரி அரங்கம், கோயில் மணி, மழை, கடற்கரை, கூட்டமாகப் பாடும் கோரஸ் என்று இடமே ஒலியின் பகுதியாக இருக்கும் பதிவுகளுக்கு ஸ்டீரியோ தேவை. இரண்டு மைக்கின் தலைகளை ஒட்டி வைத்து இரு திசையில் சாய்க்கும் 'எக்ஸ்ஒய்' முறையில் விரிவு சற்றுக் குறைவு, ஆனால் மோனோவில் கூட்டினாலும் சேதம் இருக்காது. 17 சென்டிமீட்டர் இடைவெளியும் 110 டிகிரி கோணமும் வைக்கும் 'ஓஆர்டிஎஃப்' முறை பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கொடுத்தது, நம் இரண்டு காதின் இடைவெளிக்கு நெருக்கமானது. மைக்குகளை மீட்டர் கணக்கில் தள்ளி வைத்தால் பிரம்மாண்டமாக இருக்கும். மோனோவில் கேட்டுப் பார்க்காமல் மட்டும் முடித்துவிடக் கூடாது.

எக்ஸ்போர்ட் செய்யும்போது...

பேச்சு மட்டும் உள்ள பாட்காஸ்ட் என்றால் மோனோவில் எக்ஸ்போர்ட் செய்யலாம். 128 கேபிபிஎஸ் ஸ்டீரியோ எம்பி3 கொடுக்கும் அதே தெளிவை 64 கேபிபிஎஸ் மோனோ கிட்டத்தட்டக் கொடுத்துவிடும். கேட்பவரின் டேட்டா பாதி மிச்சம். நடுவில் இசை வருகிறது, அது விரிவாகக் கேட்க வேண்டும் என்றால் ஸ்டீரியோவிலேயே விடலாம். குரல் மட்டும் நடுவில் இருக்கட்டும்.

வேறு ஒருவருக்கு மிக்ஸிங்குக்கு ட்ராக்குகளை அனுப்புகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக ஸ்டீரியோவில் எக்ஸ்போர்ட் செய்து அனுப்புவது. குரல், பேஸ், கிதார் எல்லாம் ஸ்டீரியோ கோப்பாகப் போய்ச் சேரும். வாங்குகிறவர் முதல் அரை மணி நேரம் எது நிஜ ஸ்டீரியோ, எது இரட்டை வேடம் போட்ட மோனோ என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருப்பார். மோனோவில் பதிந்ததை மோனோவாகவே, பேன் குமிழை நடுவில் வைத்து அனுப்பலாம். அனுப்பும்போது அளவு கொஞ்சம் மாறினால் அதிர்ச்சியடைய வேண்டாம். நடுவில் இருக்கும் மோனோ ட்ராக்கை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மென்பொருளும் ஒரு 'பேன் லா' வைத்திருக்கிறது. ஒன்றில் 3 டெசிபல் குறையும், இன்னொன்றில் 4.5, மற்றொன்றில் குறையவே குறையாது. கோப்பின் பெயரிலேயே 'குரல்_மோனோ', 'கீஸ்_ஸ்டீரியோ' என்று எழுதி அனுப்பினால், அந்தப் பக்கம் இருப்பவர் போன் போட்டுக் கேட்கும் ஒரு கேள்வியாவது குறையும்.